இறங்காத விரை: ஊசி போட்டால் இறங்குமா?

தலைப்பைப் பார்த்து கடைசி பெஞ்சில் யாரும் சிரிக்க வேண்டாம். நாளைக்கு நாமும் தகப்பன் ஆகப்போகிறவர்கள்தான். நம் வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாமலே குழந்தைக்கு வயது ஏறிவிடுகிறது.

ஆண் குழந்தையின் விரைகள் உண்டாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். தாய் வயிற்றில் இருக்கும்போதே, கடைசி மாதங்களில், தொடை இடுக்கு வழியாக விரைப்பைக்கு இறங்கி வரும். ஏன் வெளியே வரணும்? மெக்கானிக்கல் பசங்களுக்கு உடனே புரியும், கூலிங்தான்! உடம்புச் சூடு 37 டிகிரி. விந்தணு உற்பத்திக்கு அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக வேண்டும்.

நிறைமாதத்தில் பிறக்கும் 100 ஆண் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு இறங்கியிருக்காது. குறைமாதக் குழந்தைகளில் இது 30 வரை போகும். முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். 6 மாதம் தாண்டியும் இறங்காதது பிறகு இறங்குவது அபூர்வம். எங்கள் அக்கா மகனுக்கு இப்படித்தான். "வளர வளர இறங்கிடும்டா, பச்சப்புள்ளைக்குக் கத்தி வைப்பாங்களா?" என்றது பாட்டி. மாமா வீட்டில் ஊசி போதும் என்றார்கள். வீட்டில் இங்கிலீஷ் சீட்டைப் படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் நானும் கூடப் போனேன். டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்விதான் மேலே தலைப்பு.

அந்த ஊசியின் பெயர் எச்.சி.ஜி. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோன். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி போடும் ஆர்டரைப் போலவே இதுவும் ஆர்டர் போட்டு, விரையை டெஸ்டோஸ்டிரான் சுரக்க வைக்கும். அந்த வேகத்தில் இறங்கிவிடும் என்று 1930களிலிருந்தே போட்டுப் பார்த்தார்கள். மூக்கில் அடிக்கும் ஹார்மோன் மருந்தும் வந்தது. ஆனால் பெரும்பாலோருக்கு இறங்கவில்லை. இறங்கினதும் சிலருக்கு மறுபடி ஏறிக்கொண்டது. சில பையன்களுக்குக் குளிரிலும் பயத்திலும் விரை மேலே ஏறி, வெந்நீர் பட்டால் கீழே வரும். அது நோயே இல்லை. பழைய கணக்குகளில் இவர்களும் கலந்திருந்ததால்தான் ஊசிக்கு அவ்வளவு நல்ல பேர்! 2014இல் அமெரிக்க சிறுநீரியல் சங்கம் இதற்கு ஹார்மோன் வேண்டாம் என்றே வழிகாட்டியது.

ஆகவே ஆபரேஷன்தான், 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள். மயக்கம் கொடுத்து, இடுக்கில் சின்னதாகக் கீறி, விரையை இறக்கிப் பைக்குள் தைத்து நிறுத்துகிறார்கள். எங்கள் வாண்டுக்கு 11ஆம் மாதத்தில் ஆச்சு. தள்ளிப்போட்டால் விந்தணு குறையும், விரை முறுக்கிக்கொள்ளலாம், பிற்காலத்தில் புற்றுநோய் அபாயமும் கூடும். 2007இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், 13 வயதுக்கு மேல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்த அபாயம், முன்பே செய்துகொண்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

பருவம் தாமதிப்பது வேறு கதை. 14 வயதாகியும் விரை வளர ஆரம்பிக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பலருக்கு அப்பாவும் லேட், மகனும் லேட், அவ்வளவுதான். தேவைப்பட்டால் சில மாதம் குறைந்த அளவில் டெஸ்டோஸ்டிரான் ஊசி போடுவார்கள். வாசனையே தெரியாத பையன் என்றால் கால்மன் நோய்க்குறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் 'வைத்தியரிடம்' பணத்தைக் கொடுக்கிறவர்களை என்ன சொல்ல? ஜிம்மில் யாரோ தரும் ஊசியும் அப்படித்தான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் ஆர்டரை நிறுத்திவிடும், விரை சுருங்கும். நம் கன்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் வரும் அதே ஃபீட்பேக்! வளரும் வயதில் அளவு மீறினால் எலும்பு நுனிகள் சீக்கிரம் மூடி, உயரமும் நின்றுபோகும்.

நம் வயதிலும் சிலருக்கு இது கவனிக்கப்படாமல் இருக்கலாம். குளிக்கும்போது தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜிக்கு ஓ.பி. சீட்டு போடுங்கள்.