33 முதியோருக்கு ஒரு வீடு

மோசல் என்று ஒரு நதி. பிரான்ஸ் நாட்டு மலையில் பிறந்து, லக்ஸம்பர்க் எல்லையைத் தொட்டுக்கொண்டு ஜெர்மனிக்குள் வருகிறது. சிக்குக் கோலம் போட்டாற்போல் வளைந்து வளைந்து ஓடி, 544 கிலோமீட்டர் கடந்து, கோப்ளென்ஸ் நகரில் ரைன் நதியோடு கலந்துவிடுகிறது. அந்தக் கோலத்தின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்ன ஊர். ஊருக்குப் பின்னால் மலை. மலை முழுக்கத் திராட்சைக் கொடி. அப்படி ஓர் ஊர்தான் பெர்ன்காஸ்டல்-கூஸ்.

பெயரிலேயே இரண்டு ஊர் இருக்கிறது பாருங்கள்! ஆற்றின் வலது கரையில் பெர்ன்காஸ்டல், இடது கரையில் கூஸ். 1905-ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். நடுவே ஒரு பாலம். மொத்த ஜனத்தொகையே சுமார் 7,000 பேர்தான். இந்தச் சின்ன ஊரில் 550 வருஷங்களுக்கும் மேலாக ஒரு முதியோர் இல்லம் இருந்து வருகிறது, அதுவும் திராட்சைத் தோட்டத்தின் துணையோடு என்றால், பார்க்காமல் திரும்ப மனசு வருமா?

கோப்ளென்ஸில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, செப்டம்பர் கடைசியில் ஒருநாள் புறப்பட்டோம். என்னோடு வந்தவர் என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், குழந்தைகள் இல்லை. சொந்தமாக ஒரு வீடு மட்டும் உண்டு. "அந்த வீட்டைத் தம்பி பையன் பேருக்கே எழுதி வெச்சிடறேன். கடைசிக் காலத்திலே அவன் பார்த்துப்பான்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி பையன் என்றால் வேறு யார்? என் பிள்ளைதான்! ஆகவே அந்தப் பேச்சு வந்தால் நான் வாயே திறப்பதில்லை.

ஊருக்குள் ரயில் கிடையாது. விட்லிஷ் என்ற ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். முன்பு ரயில் ஓடிய பாதையை இப்போது சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக, குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள்.

பொம்மை வீடுகள்

பெர்ன்காஸ்டல் கடைத்தெருவில் நின்றால் நவராத்திரிக் கொலுவில் பூங்காவுக்குப் பக்கத்தில் வைத்த பொம்மை வீடுகளுக்கு நடுவில் நிற்பது போல இருக்கிறது. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இடைவெளியை மண்ணாலும் காரையாலும் நிரப்பிக் கட்டிய பழைய வீடுகள். 1608-ல் கட்டிய நகர மண்டபம், 1606-ல் அமைத்த நீரூற்று எல்லாம் அப்படியே இருக்கின்றன.

ஒரு வீட்டைப் பார்த்து இருவருமே சிரித்துவிட்டோம். 1416-ல் கட்டியதாம். கீழே ஓர் அறை அகலம்தான்; மேலே போகப் போக இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு அகலமாகிறது. கூரையோ ஊசி மாதிரி! "பாவாடை கட்டின பொண்ணைத் தலைகீழா நிறுத்தின மாதிரி இருக்கேடி!" என்றார் அக்கா.

செங்குத்தில் விவசாயம்

கடைத்தெருவில் எங்கே நின்று தலையைத் தூக்கினாலும் திராட்சைத் தோட்டம். சரிவு என்று சொல்வதைவிடச் சுவர் என்றே சொல்லலாம். அந்தச் சுவரில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையை வைத்து வளர்க்கிறார்கள். மண்ணெல்லாம் உடைந்த சிலேட்டுக் கல். நாம் சின்ன வயதில் எழுதினோமே, அந்தச் சிலேட்டேதான்! குளிர்ப் பிரதேசம் அல்லவா? கல் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கிறது. ஆற்றுத் தண்ணீரும் குளிரின் கடுமையைக் கொஞ்சம் தணிக்கிறது.

நாங்கள் போனது அறுவடை சமயம். இவ்வளவு சரிவில் பெரிய இயந்திரம் ஏற முடியாது. ஆட்கள்தான் குலை குலையாகக் கையால் வெட்டுகிறார்கள். சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்த சின்ன வண்டி ஏறி இறங்குகிறது. குளிர்காலம் முடியுமுன் கொடியைக் கழித்துவிட வேண்டும். பழைய முறையில், ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு நட்டு, இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு ஒருகாலத்தில் நனைத்த வில்லோ மர விளாறுதான் கயிறு. நாம் பூத்தொடுக்க வாழைநாரை நனைத்து வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

'டாக்டர்' தோட்டம்

ஊருக்கு நேர் மேலே உள்ள ஒரு துண்டு நிலத்துக்கு 'டாக்டர்' என்று பெயர்! மூன்று ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஆனால் உலகப் புகழ். இரண்டாம் போமுண்ட் என்ற ஆர்ச்பிஷப் (1354 முதல் 1362 வரை பதவியில் இருந்தவர்) மலைமேல் இருக்கும் கோட்டையில் நோயாய்ப் படுத்தாராம். வைத்தியர்கள் கைவிட்ட பிறகு, இந்த நிலத்து ஒயினைக் குடித்து எழுந்து உட்கார்ந்தாராம். அன்றிலிருந்து இது டாக்டர் தோட்டம் என்று கதை. அந்தக் கோட்டை 1692-ல் தீப்பிடித்து, இப்போது இடிபாடாக நிற்கிறது.

கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் படிக்கும் பத்திரிகை இது. ஆகவே ஒரு வார்த்தை. மதுவில் இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவே கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டும் கூடாது. ஒயின் ஊரில் வேறு என்ன குடிப்பது என்கிறீர்களா? 'ட்ராவுபன்ஸாஃப்ட்' என்று கேளுங்கள். புளிக்க வைக்காத திராட்சைச் சாறு கிடைக்கும். இலையுதிர் காலத்தில் 'ஃபெடர்வைஸர்' என்று கலங்கலாக ஒன்று விற்பார்கள். சாறு மாதிரியே இனிக்கும்; ஆனால் அது பாதி புளித்த ஒயின். ஜூஸ் என்று எண்ணிக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்!

மத்தியானம் ஒரு சின்னக் கடையில் 'ரைபகூகன்' சாப்பிட்டோம். உருளைக்கிழங்கைப் பச்சையாகத் துருவி, வெங்காயமும் மாவும் சேர்த்து எண்ணெயில் வட்டமாகத் தட்டிச் சுடுகிறார்கள். மொறுமொறு அடைதான் போங்கள்! தொட்டுக்கொள்ள வேகவைத்து மசித்த இனிப்பு ஆப்பிள். பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள்; சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

படகுக்காரர் மகன்

சாப்பிட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி கூஸ் பக்கம் போனோம். ஆற்றங்கரையில் தெரிகிறது செயின்ட் நிக்கோலஸ் ஹாஸ்பிடல். பெயரைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஏழைக்கும் முதியவருக்கும் இடம் கொடுத்த வீட்டுக்கே ஹாஸ்பிடல் என்று பெயர்.

இதை ஏற்படுத்தியவர் இந்த ஊர்ப் பிள்ளை. 1401-ல் படகு வைத்து வியாபாரம் செய்த ஒருவருக்கு மகனாகப் பிறந்த நிக்கோலஸ், படித்து உயர்ந்து கார்டினல் ஆனார். பெரிய தத்துவ ஞானி. வாழ்நாளில் பாதி இத்தாலியிலும் ஊர் ஊரான பயணத்திலும் கழிந்தது. ஆனால் பிறந்த மண்ணை மறக்கவில்லை. 1458-ல் அறக்கட்டளைப் பத்திரம் எழுதினார். குடும்பச் சொத்தை இதற்கே விட்டுக்கொடுத்தார்கள் அவருடைய தங்கை கிளாராவும் தம்பி யோஹானும்.

பத்திரத்தில் என்ன எழுதினார் தெரியுமா? 50 வயதைத் தாண்டிய 33 ஆண்களுக்கு இங்கே இடம். ஏசுநாதர் பூமியில் வாழ்ந்ததாகச் சொல்லும் வருஷக் கணக்கு அது. 6 பேர் பாதிரிமார், 6 பேர் பிரபு வம்சத்தார், மீதி 21 பேர் உழைத்து ஓய்ந்த சாதாரண ஜனங்கள். எல்லோரும் ஒரே கூரையின் கீழ்! வெறும் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை அவர். வருஷா வருஷம் காய்க்கும் திராட்சைத் தோட்டத்தையும் நிலத்தையும் சேர்த்து எழுதி வைத்தார். நிறுவியவர் 1464-ல் இத்தாலியில் காலமானார். உடல் ரோமில் அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் இங்கே கொண்டுவந்து, கோயிலுக்குள் புதைத்துப் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். அந்தக் கோயிலின் மேற்கூரை முழுவதையும் நடுவில் ஒரே ஒரு தூண் தாங்குகிறது. கிளாராவின் சமாதியும் அங்கேதான்.

சண்டைகள் வந்தன. நெப்போலியன் காலத்தில் இந்தப் பக்கத்து மடங்களின் சொத்துக்கள் பறிமுதலாகி ஏலம் போயின. இந்த வீடு மட்டும் தப்பி நின்றது. இன்றைக்கும் இது முதியோர் இல்லமே. திராட்சைத் தோட்டமும் அறக்கட்டளைக்கு இன்னும் சொந்தம்.

"ஆம்பளைகளுக்கு மட்டும்தானா?" என்றார் அக்கா, சட்டென்று. "அது அந்தக் காலத்துக் கணக்குக்கா. இப்ப பெண்களும் இருக்காங்க" என்றேன். முகம் மலர்ந்தது.

தண்ணீரால் நாடி பார்த்தவர்

மாடியில் அவருடைய நூலகம். கையால் எழுதிய 300-க்கும் மேற்பட்ட சுவடிகள். மருத்துவத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1450-ல் எழுதிய ஒரு நூலில், ஓட்டைப் பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை வைத்து நாடி பார்க்க வழி சொல்கிறார். ஆரோக்கியமானவனின் நாடி 100 முறை துடிப்பதற்குள் எவ்வளவு தண்ணீர் ஒழுகுகிறது, நோயாளிக்கு எவ்வளவு ஒழுகுகிறது என்று இரண்டையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். நாடி பார்ப்பதற்கென்றே கடிகாரம் செய்து ஓர் ஆங்கில வைத்தியர் புத்தகம் வெளியிட்டது 1707-ல்தான்!

இன்னொன்று: தராசில் ஒரு தட்டில் கம்பளி ரோமம், மறு தட்டில் கல். காற்றில் ஈரம் ஏறினால் கம்பளித் தட்டு தாழும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை வைத்தே நாளைய வானிலை சொல்லும் நமக்கு இது சட்டென்று புரியும், இல்லையா?

ஆற்றங்கரைப் பேச்சு

வெளியே வந்து ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் அக்கா பேசவில்லை. பிறகு மெதுவாக, "அவ்வளவு பெரிய மனுஷர். தம்பி தங்கை எல்லாம் நல்லவங்க. ஆனாலும் வாய் வார்த்தையா விடலே. யாருக்கு இடம், எத்தனை பேர், பணம் எங்கேயிருந்து வரும்னு எழுதியே வெச்சார் பார்த்தியா?" என்றார்.

ஒரு வருஷமாக மூடியிருந்த வாயைத் திறந்தேன். "அக்கா, அவன் என் பிள்ளை. நல்ல பிள்ளைதான். ஆனா நாளைக்கு அவனுக்கு எந்த ஊர்லே வேலையோ, என்ன கஷ்டமோ! நீங்களும் எழுதியே வையுங்க. உங்க ஆயுசு வரைக்கும் வீடு உங்களுதா இருக்கட்டும்."

"உன் பிள்ளைக்கு எதிராவே பேசறியேடி!" என்று சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சா?" என்றார். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக இருவருமாக வக்கீலைப் பார்த்தோம். அக்கா உயில் எழுதினார்.

அவர் சொன்ன விவரம் உங்களுக்கும் உதவும். செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் சொத்து உடனே கைமாறிவிடும். நினைத்தபோது திரும்ப வாங்குவது லேசல்ல. உயில் என்றால் நம் காலத்துக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட்தான் என்றால், 'என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அப்படி எழுதிக் கவனிக்காமல் விட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் வருஷச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்துக்குப் போய் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

உங்கள் வீட்டிலும் ஓர் அத்தையோ, பெரியம்மாவோ, சித்தியோ இப்படித் தனியாக இருக்கலாம். 'சொத்துப் பேச்சை நாம் எடுத்தால் தப்பாக நினைப்பார்களோ' என்று தயங்க வேண்டாம். அவர்கள் உடம்பில் தெம்போடு இருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பக்கம் நின்று பேசுங்கள். நம் அன்பின் மேல் சந்தேகம் வந்து எழுதுகிற எழுத்து அல்ல அது. கூஸ் நகரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து செய்து வைத்த ஏற்பாட்டில், இன்றைக்கும் யாரோ ஒரு பாட்டி சாயங்கால வெயிலில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே!