"நீங்க குளிங்க... நான் பையைப் பார்த்துக்கறேன்!"

ஆபீஸ் டூர் என்று எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். கோவளம், மகாபலிபுரம், பாண்டிச்சேரி, கோவா... ஊர் மாறும், ஆள் மாறமாட்டார். மற்றவர்கள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு 'ஹோ'வென்று தண்ணீருக்குள் ஓடும்போது இவர் மட்டும் முழுக்கைச் சட்டை, பேண்ட், பெல்ட் சகிதம் மணலில் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் பதினாலு ஜோடி செருப்பு, ஒன்பது வாட்ச், பதினோரு செல்போன்.

"நீங்க குளிங்க சார்... நான் பையைப் பார்த்துக்கறேன்!"

ஆஹா, என்ன தியாகம்! தியாகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சட்டைக்குள்ளே ஒரு தொப்பை இருக்கிறது. அல்லது, ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடிய விலா எலும்புகள் இருக்கின்றன. சமாசாரம் அவ்வளவுதான்.

'கூச்சமெல்லாம் பொம்பளைங்களுக்கு, ஆம்பளைக்கு என்ன?' என்று கேட்பவர்கள், கடலில் சட்டையோடு குளிக்கிற ஆண்களை ஒருநாள் கணக்கெடுத்துப் பார்க்கட்டும். ஒல்லி என்றால் 'ஓமக்குச்சி', குண்டு என்றால் 'பீப்பாய்'. எட்டாம் வகுப்பில் எவனோ வைத்த பெயர், கல்யாணம் ஆகி, ப்ரமோஷன் வாங்கி, ஹவுசிங் லோன் போட்ட பிறகும் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது.

இந்தக் கூச்சத்தைக் காசாக்கிய மகானுபாவர் ஒருவர் உண்டு. சார்லஸ் அட்லஸ். 1892-ல் இத்தாலியில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். 1922-ல் உடற்கட்டுப் போட்டியில் ஜெயித்துப் பட்டம் வாங்கினார். 1929 வாக்கில் ஒரு விளம்பரக்காரரோடு கூட்டுச் சேர்ந்து, தபாலில் உடற்பயிற்சிப் பாடம் விற்றார். அந்த விளம்பரம் ஒரு குட்டிப் படக்கதை. கடற்கரையில் ஒரு நோஞ்சான், பக்கத்தில் காதலி. ஒரு முரடன் வந்து நோஞ்சான் முகத்தில் மணலை வாரி இறைக்கிறான். அவமானப்பட்ட நோஞ்சான் தபாலில் பாடம் வரவழைத்து, புஜம் புடைக்கத் திரும்பி வந்து முரடனுக்கு ஒரு குத்து விடுகிறான். காதலி கண் சொக்குகிறாள். சுபம்!

பல பத்தாண்டுகள் காமிக்ஸ் புத்தகங்களில் ஓடிய விளம்பரம் இது. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறேன். மருந்தை விற்பதற்கு முன்னால் நோயை இலவசமாக விநியோகம் செய்திருக்கிறார் மனிதர்! இன்றைக்கு 'சிக்ஸ் பேக்' போட்டோவை மாட்டி வைத்திருக்கிற ஜிம்கள் செய்வதும் அதே பிசினஸ்தான். மணலை வாரி இறைக்கிற வேலையை இப்போது செல்போன் பார்த்துக்கொள்கிறது.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்காரர். கரூர்ப் பக்கம் பம்ப்செட் கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர். குடும்பங்களோடு போன ஒரு டூரில் வழக்கம்போல் பைக்குக் காவல் இருந்தார். ஏழு வயது மகள் பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் குதித்துவிட்டு வந்து கேட்டாளாம்: "ஏம்ப்பா, உனக்கு நீச்சல் தெரியாதா?"

"சுருக்குனு இருந்துச்சு சார்" என்றார். "ஊர்ல எனக்குத் தவளைன்னு பேரு. எம் பொண்ணுக்கு அது தெரியவே தெரியாது."

எழுந்து போனார், சட்டையோடு. முதல் அலை வந்ததும் சட்டை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு முகத்தை மூடிவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "தொப்பையைப் பார்த்துச் சிரிக்கலை சார், சட்டையைப் பார்த்து!" அதற்குப் பிறகு கழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கரை ஏறினார்களாம்.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். இதே மனிதர் திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சந்நிதி வரிசையில் நிற்கிறார். ராமேஸ்வரத்தில் அத்தனை ஜனத்துக்கு நடுவே வேட்டியோடு மூன்று முழுக்குப் போடுகிறார். அதே தொப்பை, அதே கடல்! சாமிக்கு முன்னால் வராத வெட்கம் சேல்ஸ் மானேஜருக்கு முன்னால் வருகிறது.

'எல்லாரும் நம்மையே பார்க்கறாங்க' என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்கள் போட்டுக்கொள்ளவே கூசும்படி, ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். 'பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள்' என்று உள்ளே போனவர்கள் குமைந்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான்! 'டி-ஷர்ட் படமும் தொப்பையும் ஒண்ணா?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் பக்கத்தில் நிற்பவரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, 'எத்தனை நேரம் தாங்கும்' என்ற கவலையில் அல்லவா இருக்கிறார்?

அதற்காகத் தொப்பையை அப்படியே விட்டுவிடலாமா என்றால், அது வேறு கணக்கு. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் போட்டோவையே போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! ஆக, 'நான் ஒல்லிதானே' என்கிற ஓமக்குச்சிகளும் ஒரு இன்ச் டேப் எடுத்துக்கொள்வது உத்தமம். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். பேண்ட் சைஸைச் சொல்லி ஏமாற்றாதீர்கள். அது தொப்பைக்குக் கீழே கட்டுவது. மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும்!

கூச்சம் விட்ட வேகத்தில் மெரினாவில் மட்டும் இறங்கிவிட வேண்டாம். இழுப்பு அதிகம், போலீஸ்காரர் விசில் ஊதுவார். அங்கே தைரியமாகச் சட்டையில்லாமல் நிற்பவர்கள் நாலே பேர்தான். தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலைக்காரர்கள். 1959-லிருந்து நிற்கிறார்கள். ஒருத்தருக்கும் தொப்பை கிடையாது. நம்மைத் திரும்பிப் பார்க்கவும் அவர்களுக்கு நேரம் கிடையாது. பாறை இன்னும் நகரவில்லையே!