இமைமுடி அளவுமீறி நீள்வது ஏன்?

மேலிமை முடியின் வழக்கமான நீளம் 8 முதல் 12 மில்லிமீட்டர். தலைமுடி ஆண்டுக்கணக்கில் வளரும். இமைமுடியோ ஓரிரு மாதங்களில் வளர்ந்து முடித்து, சில மாதங்கள் அப்படியே நின்று, பிறகு உதிர்ந்துவிடும். அதனால்தான் அதை யாரும் வெட்டிவிட வேண்டியிருப்பதில்லை. இந்த வளர்பருவம் ஏதோ ஒரு காரணத்தால் நீண்டால் முடியும் நீளும். மேலிமையின் நடுவே 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை டிரைக்கோமெகலி என்கிறார்கள்.

இன்று அதிகம் காணப்படும் காரணம் மருந்துதான். கண்ணழுத்த நோய்க்கான லட்டனோபிராஸ்ட், பிமட்டோபிராஸ்ட் சொட்டு மருந்துகள் முடிவேரின் வளர்பருவத்தை நீட்டிக்கின்றன. ஒரு கண்ணுக்கு மட்டும் சொட்டு விடுபவர்களிடம் இது பளிச்சென்று தெரியும். அந்தக் கண்ணின் முடி நீண்டு, கறுத்து, தடித்திருக்கும். இமையோரத்துப் பூனைமுடிகூட முழுமுடியாக மாறியிருக்கும். மறுகண் பழையபடியே இருக்கும். இந்தப் பக்கவிளைவையே பயனாக்கி, இமைமுடியை வளர்க்கும் மருந்தாகப் பிமட்டோபிராஸ்டுக்கு 2008இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஆனால் இமைத்தோல் கறுப்பதும், கண்ணைச் சுற்றிய கொழுப்பு குறைந்து கண் குழிவதும் இதே மருந்துகளின் விளைவுகள். கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் படலத்தின் நிறம் கருமையடைந்தால் அது திரும்பாது. அழகுக்காக மட்டும் தாமே வாங்கி விட்டுக்கொள்ளத்தக்க மருந்தல்ல இது.

செட்டுக்சிமாப், எர்லோட்டினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளாலும் இமைமுடி நீள்கிறது. இவற்றால் வளரும் முடி சுருண்டு கண்ணுக்குள் திரும்பி கார்னியாவை உரசக்கூடும். கண் மருத்துவரிடம் காட்டி அவ்வப்போது நறுக்கிவிட்டால் போதும். அதற்காகப் புற்றுநோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சைக்ளோஸ்போரின், இன்டர்ஃபெரான் ஆகியவற்றுக்கும் இவ்விளைவு உண்டு.

நோய்களில் முற்றிய எச்ஐவி தொற்று நன்கு அறியப்பட்டது. தன்னெதிர்ப்பு நோயான லூபஸிலும் அரிதாக இது காணப்படுகிறது.

பிறவியிலேயே நீண்ட இமைமுடி சில குடும்பங்களில் வருவதுண்டு. வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் எஃப்ஜிஎஃப்5 மரபணு பழுதடைவதே அதற்குக் காரணம் என்று 2014இல் கண்டறிந்தார்கள். அங்கோரா முயலின் நீண்ட ரோமத்துக்கும் இதே மரபணுதான் காரணம். இவ்வகையால் உடலுக்குக் கேடில்லை. 1965இல் விவரிக்கப்பட்ட ஆலிவர்-மெக்ஃபார்லேன் நோய்த்தொகுப்பு அப்படியல்ல. குழந்தையின் நீண்ட இமைமுடியோடு விழித்திரைச் சிதைவும் பிட்யூட்டரி சுரப்புக் குறைவும் சேர்ந்து வரும். பார்வையும் உடல் வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

சிறுவயது முதலே நீளமாக இருந்து, பார்வையும் வளர்ச்சியும் சீராக இருப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அண்மையில் திடீரென நீண்டிருந்தால், பயன்படுத்தும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.