லாரா ஏன் அலறினாள்?

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கற்பனை பண்ணுங்க பாஸ்... இல்லையில்லை, கண்ணை மூடினா எப்படிப் படிப்பீங்க? திறந்துக்கிட்டே பண்ணுங்க!

நீங்க உயிரா நினைச்சுப் பார்த்த ஒரு சீரியல், ஹீரோ வசமா மாட்டிக்கிட்ட இடத்துல நின்னுபோச்சு. அவர் கதி என்னன்னு தெரியாமலே 26 வருஷம் ஓடிப்போச்சு. அரும்பு மீசையோட பார்க்க ஆரம்பிச்ச நீங்க, இப்போ தொப்பையும் சொட்டையுமா க்ளைமாக்ஸுக்கு உட்கார்ந்திருக்கீங்க. கடைசிக் காட்சி. ஹீரோ ராத்திரி நடுத்தெருவுல நின்னு, 'இது எந்த வருஷம்?'னு கேட்கிறார். பக்கத்துல நிற்கிற பெண் வீறிட்டு அலறுகிறாள். எதிர்வீட்டு விளக்கெல்லாம் பட்டுனு அணையுது. திரை இருட்டு. அவ்ளோதான்... ஒரு 'சுபம்'கூடப் போடலை!

2017 செப்டம்பர் 3 ராத்திரி, அமெரிக்காவில் 'ட்வின் பீக்ஸ்' ரசிகர்களுக்கு நிஜமாகவே இதுதான் நடந்தது. 'என்னய்யா முடிவு இது?' என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. மூணு அரியரை ஓரமா வெச்சுட்டு 48 எபிசோடையும் பார்த்து முடிச்ச பாவத்துக்கு, நானும் அந்த ஜோதியில் ஐக்கியம்!

(இனிமேதான் பார்க்கப் போறேன்னு சொல்றவங்க, இப்பவே அடுத்த பக்கத்துக்கு எஸ்கேப் ஆகிடுங்க. முழுக் கதையும் வெளியே வரப் போகுது!)

கதை இதுதான்!

டேவிட் லின்ச், மார்க் ஃப்ராஸ்ட் ரெண்டு பேரும் சேர்ந்து உருவாக்கிய சீரியல் இது. 1990 ஏப்ரலில் ஏபிசி சேனலில் வந்த முதல் எபிசோடை மட்டும் சுமார் 3.4 கோடி பேர் பார்த்தார்கள். வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே தண்ணீர்க் கரையில், பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றிய பிணமாக ஒதுங்குகிறாள் லாரா பால்மர். 17 வயசு, ஊருக்கே செல்லப் பொண்ணு. துப்பு துலக்க வருகிறார் எஃப்.பி.ஐ. ஏஜென்ட் டேல் கூப்பர். காபியை ரசிச்சுக் குடிச்சுக்கிட்டே, கனவில் கிடைக்கிற க்ளூவை வெச்சு கேஸ் நடத்துகிற விநோத ஆபீஸர்!

கொன்றது வேறு யாருமில்லை, லாராவின் அப்பா லீலேண்ட். அவர் உடம்புக்குள் 'பாப்' என்கிற தீய சக்தி. கேஸ் முடிஞ்சும் கூப்பருக்கு விடிவு இல்லை. 1991 ஜூனில் வந்த கடைசி எபிசோடில் அவர் சிவப்புத் திரை தொங்கும் மாய அறையில் சிக்கிக்கொள்ள, அவர் முகத்தோட வேற ஒருத்தன் வெளியே வந்துடுறான். அத்தோட சீரியலுக்குக் கதவடைப்பு!

2017-ல் ஷோடைம் சேனலில் 18 பகுதிகளாகத் திரும்பி வந்தது. தப்பித்து வரும் கூப்பர், காலத்தில் பின்னோக்கிப் போகிறார். 1989-ல் லாரா சாக வேண்டிய அதே ராத்திரி, காட்டுக்குள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். கரையில் கிடந்த பிணம் மறைந்துபோகிறது. ஆஹா, காப்பாத்திட்டார்! ஆனால், திரும்பிப் பார்த்தால் கையில் இருந்த லாராவைக் காணோம்.

கடைசிப் பகுதியில், 430 மைல் காரில் போய் வேறு ஏதோ ஓர் உலகத்துக்குள் நுழைகிறார். டெக்ஸாஸில் ஒடெஸ்ஸா ஊரில் அச்சு அசலாக லாரா முகத்தோடு ஒரு பெண். 'லாராவா? என் பேரு கேரி பேஜ்' என்கிறாள். விடாமல் அவளை லாரா வீட்டுக்கே கூட்டி வந்து கதவைத் தட்டினால், யாரோ முன்பின் தெரியாத பெண் எட்டிப் பார்க்கிறாள். பால்மர் குடும்பமா? கேள்விப்பட்டதே இல்லையாம். அப்புறம்தான் அந்தக் கேள்வி, அந்த அலறல்.

ஆளுக்கொரு தியரி!

கனவுக் கட்சி: 'எல்லாமே யாரோ ஒருத்தர் காண்கிற கனவு.' இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 14-வது பகுதியில் மோனிகா பெலூச்சி மோனிகா பெலூச்சியாகவே கனவில் வந்து, 'கனவு காண்பது யார்?' என்று கேட்டுவிட்டுப் போகிறார். அந்தச் சிந்தனையின் வேர் நம்ம உபநிஷத்தில் இருக்கிறது. 1973 முதல் தியானம் செய்து வந்த லின்ச்சுக்குப் பிடித்த விஷயம் அது.

வெற்றிக் கட்சி: 'ஜூடி என்கிற பெரிய தீமையை அழிக்கத்தான் லாராவை அங்கே கொண்டுபோனார். அவள் அலறல்தான் வெடிகுண்டு. விளக்கு அணைஞ்சா ஜூடி காலி!' முதல் பகுதியிலேயே கூப்பருக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் இவர்கள்.

நிஜ உலகக் கட்சி: 'அவர்கள் வந்து சேர்ந்தது நீங்களும் நானும் இருக்கிற இந்த உலகத்துக்கு!' வழியில் வருவது நிஜ கம்பெனி பெட்ரோல் பங்க். கதவைத் திறக்கிற பெண், அந்த வீட்டின் நிஜ ஓனர். புல்லரிக்குதா?

ரெட்டைத் திரைக் கட்சி: '17-ஐயும் 18-ஐயும் பக்கத்துப் பக்கத்துல ஒரே நேரத்துல ஓட்டிப் பாருங்க. காட்சிக்குக் காட்சி பொருந்தும்!' நானும் ரெண்டு லேப்டாப் வெச்சுப் பார்த்தேன். பொருந்துற மாதிரிதான் இருந்துச்சு. ராத்திரி ரெண்டரை மணிக்கு எல்லாமே பொருந்துற மாதிரிதான் இருக்கும்!

கண்ணாடியில் வந்த வில்லன்

'ஒவ்வொரு ஃப்ரேமும் திட்டம் போட்டது' என்று சத்தியம் செய்கிறவர்கள் இதையும் கேளுங்கள். பாப் என்கிற அந்த வில்லன், ஸ்கிரிப்ட்டிலேயே கிடையாது. ஃப்ராங்க் சில்வா, செட்டில் பொருட்களை எடுத்து வைக்கிற ஆள். லின்ச்சுக்கு என்னவோ தோன்ற, அவரைக் கட்டிலுக்குப் பின்னால் குந்த வைத்து ஒரு ஷாட் எடுத்தார். அன்றைக்கே வேறு ஒரு ஷாட்டில் அவர் உருவம் தெரியாமல் கண்ணாடியில் விழுந்துவிட்டது. கேமராமேன் பதறி 'ரீடேக்' என்க, 'அப்படியே இருக்கட்டும்' என்றுவிட்டார் லின்ச். நம்ம பாஷையில், பக் வில்லனாகிவிட்டது!

பதில் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும். கொலைகாரன் யாரென்பதைச் சொல்லும் எண்ணமே அவருக்கு இல்லை. சேனல் நெருக்கியதால் 1990 நவம்பரில் முடிச்சை அவிழ்த்தார்கள். அப்புறம் பார்க்க ஆளில்லை. அடுத்த ஜூனில் சீரியலே இல்லை. பொன்முட்டை வாத்தைக் கொன்றுவிட்டோம் என்று கடைசிவரை புலம்பினார் மனிதர். 2017 முடிவுக்கு விளக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் சிரிப்பு மட்டும்தான். 2025 ஜனவரியில் இறந்துபோனார். பதிலையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாரும் கேட்காத கேள்வி

ரெண்டு வாரம் நானும் டைம்லைன் போட்டேன். அம்புக்குறி, கட்டம், கலர் பேனா... நம்ம படிப்பு வேற எதுக்கு? ஒரு கட்டத்தில்தான் உறைத்தது. எல்லா அம்புக்குறியும் கூப்பரைச் சுற்றியே ஓடுகிறது. எந்த வருஷம், எந்த உலகம் என்று அவர் கேட்ட கேள்விக்கே எல்லோரும் விடை தேடுகிறோம். பக்கத்தில் நிற்கிற பெண் ஏன் அலறினாள்?

அந்த அலறலுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கிருந்தோ 'லாரா' என்று ஓர் அம்மாவின் குரல் சன்னமாகக் கேட்கும். 1990-ல் முதல் எபிசோடில், விடிந்தும் எழுந்திருக்காத மகளை மாடியை நோக்கிக் கூப்பிட்டாளே, அதே கூப்பாடு போலவே. அந்த வீட்டில்தான் லாரா 12 வயதிலிருந்து அப்பாவால் சீரழிக்கப்பட்டாள். கூப்பர் அழித்தது 1989-ன் ஒரே ஒரு ராத்திரியை. அதற்கு முந்தைய ஐந்து வருஷங்களை அவர் தொடவே இல்லை. கன்ட்ரோல் இசட் தட்டினால் பிணம் மறையும். காயம் மறையுமா? பெயர் மாறி, ஊர் மாறி, எல்லாம் மறந்தும்கூட அந்த வாசலில் வந்து நின்றதும் உடம்பு ஞாபகம் வைத்துக் கத்துகிறது. இதுதான் என் கட்சி. இப்போதைக்கு ஒரே ஒரு உறுப்பினர்!

பழைய சீரியலில் ஒரு காட்சி. லாராவின் இறுதிச் சடங்கில் அவள் காதலன் பாபி ஊரையே பார்த்துக் கத்துவான். அவள் கஷ்டத்தில் இருந்தது எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் செய்யவில்லை, நாம எல்லோரும் சேர்ந்துதான் கொன்றோம் என்பான். விடை முதல் சில எபிசோடுகளிலேயே வந்துவிட்டது. நாமதான் தியரி தேடிப் போயிட்டோம்!

பழைய எபிசோடுகள் முடியும்போது லாராவின் போட்டோ ஒன்று வரும். தலையில் கிரீடம், முகம் நிறையச் சிரிப்பு. அந்த மாதிரி எப்பவும் சிரிச்ச முகமா ஒருத்தர் உங்க க்ளாஸிலும் இருக்கலாம். 'நீ நல்லா இருக்கியா?'னு கேட்க, காலத்தில் பின்னோக்கிப் போக வேண்டாம் பாஸ். பக்கத்து பெஞ்ச் வரைக்கும் போனா போதும்!