சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?



எங்கள் தமிழ்ப் பாடசாலையின் பழைய விழா மலர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்ற, திறந்த மூல மென்பொருள் ஒன்றை எடுத்தேன். இலவசம், ஆனால் மூலநிரலாகத்தான் கிடைத்தது. அதை என் விண்டோஸ் கணனியில் இயங்குவடிவாகத் தொகுத்தபோது பிழைச்செய்தி காட்டி நின்றுவிட்டது. இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். பிறகு சூரிச் நண்பரிடம் சொன்னால், "எனக்கும் அதேதான் அண்ணை, நான் அப்பவே விட்டிட்டன்" என்றார்.

ஏன் இருவருமே எழுதவில்லை? 'என்' அனுமதி அட்டையோடு காத்திருந்த காலத்தில், குறை சொன்னால் வில்லங்கம் வரும் என்று பழகியவர்கள் நாங்கள். ஆனால் இது முறைப்பாடு அல்ல, உதவி.

யாழ்ப்பாணத்தில் அம்மா சொன்ன அதே அளவில், பேர்ண் குளிரில் தோசைக்கு அரைத்து வைத்தால் மா புளிக்காது. அம்மாவின் செய்முறையில் பிழையில்லை. இங்கே குளிர் என்று நாங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? மென்பொருளும் அப்படித்தான். எழுதியவரின் லினக்ஸ் கணனி, தமிழ் எழுத்துகள் உள்ள மூலநிரலை யூனிகோட்டாக வாசித்தது. என் கணனியோ மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை என்று எண்ணித் தடுமாறியது. அவரிடம் விண்டோஸ் கணனியே இல்லை. நான் எழுதிய மூன்றாம் நாள் ஒரே வரியில் திருத்திவிட்டார்.

ஜெனிவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் 1990இல் டிம் பேர்ணர்ஸ் லீ எழுதிய முதல் இணைய உலாவியும் நெக்ஸ்ட் கணனியில் மாத்திரமே ஓடியது. நிக்கோலா பெல்லோ என்ற மாணவி, பலவகைக் கணனிகளுக்கும் மாற்றக்கூடிய எளிய உலாவி ஒன்றை எழுதினார். 1991 ஆகஸ்டில் வெளியுலகுக்கு அறிவித்தபோது ஒத்துழைப்பவர்களையும் வரவேற்றார்கள். 1993 ஏப்ரல் 30இல் சேர்ன் அதை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஒரேவகைக் கணனியோடு நின்றிருந்தால் வலை இன்று எங்கள் வீடுகளுக்கு வந்திருக்குமா?

எழுதும்போது இவற்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே யாராவது அறிவித்துள்ளார்களா என்று முதலில் பாருங்கள். இயங்குதளம், தொகுப்பி, மென்பொருள் ஆகியவற்றின் பதிப்பு எண்களைக் கொடுங்கள். செய்த படிகளை வரிசையாக எழுதுங்கள். பிழைச்செய்தி ஜேர்மன் மொழியில் இருந்தாலும் அப்படியே பிரதி எடுத்து ஒட்டுங்கள். அதில் உங்கள் பெயர் தெரிந்தால் அழித்துவிடுங்கள். எளிய ஆங்கிலம் போதும்.

சென்ற மாதம், காலமான எங்கள் ஆசிரியை ஒருவரின் பழைய கட்டுரையை அவருடைய பேத்தி கைத்தொலைபேசியில் வாசித்தாள். நான் இன்னும் பேசாமல் இருந்திருந்தால், அவள் கண்ணில் வெறும் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் பட்டிருக்கும்.