கைக்குள் அடங்கும் உயிர்

“காசு கொடுத்து யாராவது எலி வாங்குவாங்களா? நாங்க அந்தக் காலத்துல காசு கொடுத்து எலிப்பொறி வாங்கினோம்!”

அங் மோ கியோவில் வசிக்கும் ஒரு பாட்டி, பேத்தியின் ஹேம்ஸ்டரைப் பற்றிச் சொன்னது இது. பேத்தி அதை அப்படியே பதிவுசெய்து எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு அனுப்பியிருந்தார். பின்னணியில் ஹேம்ஸ்டரின் சக்கரம் கடகடவென ஓடும் சத்தம். ‘உங்களோடு வாழும் மிகச் சிறிய உயிர் எது?’ என்று ஒரு மாலை நேயர்களிடம் கேட்டிருந்தோம். கைக்குழந்தைகளைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்து குவிந்தவையோ ஹேம்ஸ்டர், குட்டி முயல், கினிப் பன்றி, சண்டை மீன்!

குரல்பதிவுகளைத் தொகுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். தங்கள் செல்லப்பிராணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அநேகமாக எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டில் பேசுவதுபோல.

இந்தக் குழைவுக்கு ஒரு விளக்கம் உண்டு. 1943ல் ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், பெரிய தலை, பெரிய கண்கள், உருண்டைக் கன்னம், குட்டைக் கைகால் ஆகியவற்றைக் கண்டால் மனிதருக்குப் பராமரிக்கும் உணர்வு தானாக எழுகிறது என்று எழுதினார். மனிதக் குழந்தைக்காக அமைந்த உணர்வு அது. ரோபோரோவ்ஸ்கி வகை ஹேம்ஸ்டரின் எடை ஏறக்குறைய மூன்று ஒரு வெள்ளி நாணயங்களின் எடைதான். அது இரண்டு கைகளாலும் ஒரு விதையைப் பிடித்துக் கொறிக்கும்போது அதே உணர்வு நம்மிடம் விழித்துக்கொள்கிறது.

சிங்கப்பூருக்கே உரிய காரணங்களும் உள்ளன. வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்கவேண்டும். பூனைக்கு 2024 செப்டம்பரில்தான் கதவு திறந்தது. ஹேம்ஸ்டருக்கோ உரிமமும் வேண்டாம், மின்தூக்கியில் அக்கம்பக்கத்தாரின் முகச்சுளிப்பும் இல்லை. வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் இளையருக்கு இன்னொரு வசதி: ஹேம்ஸ்டர் பகலில் தூங்கி, அந்த நேரத்தில்தான் எழுகிறது. “வீட்டுல எனக்காக முழிச்சிருக்கிறது அது மட்டும்தான்” என்றார் பொங்கோலில் தனியாகத் தங்கியிருக்கும் கணினிப் பொறியாளர் ஒருவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

(மலேசிய உறவினர் வீட்டில் முள்ளெலியைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முள்ளெலியும் சுகர் கிளைடரும் இங்குச் செல்லப்பிராணிகளாக அனுமதிக்கப்படவில்லை.)

இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற சிரிய ஹேம்ஸ்டர்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தின் வாரிசுகள். 1930ல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, ஒரு தாயையும் அதன் 11 குட்டிகளையும் எடுத்தார் விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனி. செல்லமாக வளர்ப்பதற்காக அல்ல, ஜெருசலத்தில் நடந்த நோய் ஆராய்ச்சிக்காக. அவற்றில் தப்பிப் பிழைத்த ஒரு சிலவற்றிலிருந்துதான் இத்தனையும் பெருகின. சொந்த மண்ணிலோ அந்த இனம் இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்ததாலோ என்னவோ, அதன் உயிருக்கு நாம் வைக்கும் மதிப்பு இன்னும் குறைவாகவே உள்ளது. 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் ஒரு செல்லப்பிராணிக் கடையின் ஹேம்ஸ்டர்களிடம் கொவிட் கிருமி கண்டறியப்பட்டதும், ஏறக்குறைய 2,000 ஹேம்ஸ்டர்களையும் பிற சிறு விலங்குகளையும் கொல்ல அரசாங்கம் உத்தரவிட்டது. கைவிடப்படும் ஹேம்ஸ்டர்களைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாக ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர் என்பது ஓர் ஆறுதல்.

இந்த மதிப்புக்குறைவு நம் வீடுகளுக்குள்ளும் இருக்கிறது. ‘சின்னதுதானே, சமாளித்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சில் அது தொடங்குகிறது. கடையில் வண்ணக் குழாய்களோடு விற்கும் குட்டிக் கூண்டுகள் பிள்ளைகளின் கண்ணைக் கவரச் செய்யப்பட்டவை. ஓர் இரவில் சக்கரத்தில் பல கிலோமீட்டர் ஓடக்கூடிய, மண்ணைக் குடைந்து வாழப் பிறந்த விலங்குக்கு அவை போதவே போதாது. தோண்டுவதற்கு ஆழமான படுக்கைத்தூளும், முதுகு வளையாமல் ஓடப் பெரிய சக்கரமும் வேண்டும். தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ள மணல் வைத்தால் போதும். நம் ஊர் வெயில் நேராக விழும் சன்னலோரம் அதற்கு ஆகாது.

நம்மவர்கள் விஷயத்தில் இன்னொன்று. ‘தனியா இருந்தா பாவம், ஜோடியா வாங்குவோம்’ என்போம். கல்யாணம் பேசுகிற பழக்கம் எலிவரை வந்துவிட்டது! வளர்ந்த சிரிய ஹேம்ஸ்டர் தனித்து வாழும் விலங்கு. ஒரே கூண்டில் இரண்டை விட்டால் சாகும்வரை சண்டையிடலாம். அதற்குமுன் இணைசேர்ந்துவிட்டால், பதினாறே நாளில் குட்டிகள். அந்தக் குட்டிகளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தவிப்போர், சிங்கப்பூர் ஹேம்ஸ்டர் சங்கம் போன்ற தொண்டூழியர் குழுக்களை நாடுகிறார்கள். புதிதாக வளர்க்க நினைப்போர் கடைக்குப் போகுமுன் அங்கே விசாரிக்கலாம்.

சிறிய உருவம் சிலவற்றுக்குத் தற்காலிகமானது. ஐம்பது காசு நாணயம்போல இருக்கும்போது வாங்கிய சிவப்புக்காது ஆமை, இரவு உணவுத் தட்டு அளவுக்கு வளர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. நீர்த்தேக்கத்தில் விடலாம் என்றால் அது குற்றம். விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் இதை நினைவூட்டுகிறது.

வேறு சில உயிர்கள் வளரவிடாமலே குட்டியாக்கப்படுகின்றன. சமூக ஊடகத்தில் தேநீர்க் கோப்பைக்குள் உட்கார்ந்திருக்கும் ‘டீகப்’ நாய்க்குட்டியைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் இனமே இல்லை. ஈற்றில் ஆகச் சிறிய குட்டிகளையே தேர்ந்தெடுத்து மீண்டும் மீண்டும் இனம்பெருக்கிய விளைவு அது. ஒருவேளை உணவு தவறினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மண்டையோடு முழுதாக மூடாமல் போகலாம். சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியலாம். நேயர் ஒருவர், “விலை கொஞ்சம் அதிகம், வாங்கலாமா?” என்று கேட்டிருந்தார். வாங்காதீர்கள் என்றேன். வாங்க ஆள் இருக்கும்வரை அப்படிப்பட்ட குட்டிகளை உருவாக்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.

செங்காங்கைச் சேர்ந்த ஒரு தந்தையின் பதிவு நீளமானது. எட்டு வயது மகளின் ஹேம்ஸ்டருக்குப் பெயர் ‘கடலை’. ஒருநாள் அது சாப்பிடுவதை நிறுத்தியது. கொறிக்கும் விலங்குகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடலைக்கு அவை கோணலாக வளர்ந்து வாயை மூடவிடாமல் செய்திருந்தன. இரை விலங்குகள் நோயை வெளிக்காட்டுவதில்லை. வீட்டாருக்குத் தெரியவந்தபோது அது பாதியாக இளைத்திருந்தது.

மருத்துவரிடம் போனால் நூறு வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். ஹேம்ஸ்டரை வாங்கியதோ இருபது வெள்ளிக்கு. “புதுசா ஒன்னு வாங்கிடலாமே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தக் கணக்கு தனக்கும் சரியாகத்தான் பட்டது என்று ஒளிக்காமல் சொன்னார் அந்தத் தந்தை. பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்சி பிடித்திருக்கிறார். பல்லை வெட்டிவிட்டபின் கடலை மேலும் ஏழு மாதங்கள் வாழ்ந்தது.

ஹேம்ஸ்டரின் ஆயுளே இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டுகள். பெரும்பாலான பிள்ளைகள் தொடக்கப்பள்ளியை முடிப்பதற்குள் அந்த நாள் வந்துவிடும். கடலை இறந்தது ஒரு வியாழக்கிழமை காலை, மகள் பள்ளியில் இருந்தபோது. அதே நிறத்தில் வேறொன்றை வாங்கிவந்து கூண்டில் விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. பல வீடுகளில் நடப்பதுதான். இவர் மறுத்துவிட்டார். பழைய கைக்குட்டையில் சுற்றி, காலணிப் பெட்டியில் வைத்து, மகள் வரும்வரை வரவேற்பறையில் காத்திருந்தார்.

அவள் அழவில்லையாம். பெட்டியைத் திறந்து பார்த்தாள். நெற்றியில் ஒரு விரலால் தடவிக்கொடுத்தாள். பிறகு கேட்டாள்: “நான் ஸ்கூலுக்குத்தான் போயிருக்கேன்னு அதுக்குத் தெரியுமாப்பா?”