பட்டன் போனில் கரையும் பணம்

சிதம்பரத்தில் இருக்கும் என் அத்தையிடம் பட்டன் போன்தான் உண்டு. கடலூரில் கட்டிக்கொடுத்த மகளோடு தினமும் பேச அவருக்கு அது போதும். கோடை விடுமுறைக்கு வந்த பேரன் அதிலிருந்த கார் பந்தய விளையாட்டைத் திறந்தான். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. தொடர்ந்து ஆட 'ஓகே' அமுக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பிள்ளை அமுக்கினான், மறுபடியும் அமுக்கினான். மறுநாள் மகளைக் கூப்பிட்டால் போன் போகவில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலியேப்பா, காசு எங்க போச்சு?" என்று அத்தை கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

நடந்தது இதுதான். இப்படிப்பட்ட போன்களில் போட்டே வரும் விளையாட்டுகள் பல, சில நிமிடங்களுக்கு மட்டும் இலவசம். பிறகு நாம் அமுக்கும் 'ஓகே', கட்டண எண் ஒன்றுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாகப் போகிறது. சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸைவிடப் பல மடங்கு கட்டணம் மெயின் பேலன்ஸில் கழிகிறது. வங்கிக் கணக்கும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். பேக் மட்டும் போட்டு மெயின் பேலன்ஸைக் காலியாக வைத்திருப்பவரிடம் கழிக்க ஒன்றும் இருக்காது. தேவையில்லாமல் டாப்-அப் போட்டு வைக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தரும் ஜாவா விளையாட்டுகளிலும் ஆபத்து உண்டு. 2006-லேயே 'ரெட்பிரவுசர்' என்ற ஜாவா நிரல் பிடிபட்டது. காசில்லாமல் இணையம் பார்க்கலாம் என்று ஆசை காட்டி, கட்டண எண்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பணம் பறித்த நிரல் அது. விளையாட்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப என்ன வேலை? 'மெசேஜ் அனுப்பலாமா' என்று திரையில் கேள்வி வந்தால் 'நோ' கொடுத்துவிட்டு, அந்த விளையாட்டையே அழித்துவிடுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. விளையாட்டு, காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் போன்ற கூடுதல் சேவைகளுக்கு வாடிக்கையாளரின் ஒப்புதலை இரண்டு முறை பெற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் உத்தரவிட்டது. இரண்டாம் முறை நாம் பதில் சொல்லாவிட்டால் சேவையைத் தொடங்கக் கூடாது. வேண்டாத சேவையை நிறுத்த 155223 என்ற இலவச எண்ணையும் அதே உத்தரவு பொதுவாக்கியது. இணைய டேட்டாவே வேண்டாம் என்றால் 1925. இன்னொன்றும் கேளுங்கள்: டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான பேக் ஒன்றாவது எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்துவிட்டது. பட்டன் போன்காரர் தொடாத டேட்டாவுக்கு ஏன் காசு கட்ட வேண்டும்?

போன பணத்தைக் கேட்க முதலில் 198. பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். "பாத்துச் சொல்றோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பினால் பின்னால் கையில் ஆதாரம் ஒன்றும் இருக்காது. பதில் திருப்தி தராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது. அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்கெல்லாம் நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துப் பல நிறுவனங்கள் தப்பித்து வந்தன. 2022 பிப்ரவரி 16-இல் அதே நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பணம் கழிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

பேலன்ஸ் போவது ஒரு வகை. வங்கிப் பணம் போவது வேறு. யாரோ கூப்பிட்டு, '*401*' என்று தொடங்கும் எண்ணை அமுக்கச் சொன்னால் அமுக்கவே கூடாது. அது உங்களுக்கு வரும் அழைப்புகளை, ஓ.டி.பி. சொல்லும் அழைப்பையும் சேர்த்து, அவர்கள் போனுக்குத் திருப்பிவிடும் குறியீடு. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும்.

அத்தைக்காக 155223-ஐக் கூப்பிட்டபோது, விளையாட்டோடு காலர் டியூன் ஒன்றும் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டையும் நிறுத்தினோம். 198-இல் வாங்கிய புகார் எண்ணை அத்தை தினசரி காலண்டரின் அட்டையில், பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.